அணிவகுப்புப் படத்துக்குக் கீழே ஒரு வரி: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

பெறுநர்: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நாளேடு, வானொலி, தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றில் தமிழில் வெளிநாட்டுச் செய்தியைக் கையாளும் ஆசிரியர்கள், துணை ஆசிரியர்கள், பக்க வடிவமைப்பாளர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, வணக்கம்.

2025 செப்டம்பர் 3 அன்று பெய்ஜிங்கில் நடந்த ராணுவ அணிவகுப்பின் படம் உங்கள் மேசைக்கு வராமல் போயிருக்காது. நடுவில் சீ சின்பிங், ஒரு பக்கம் புதின், மறுபக்கம் கிம் ஜோங் உன். நம் பிரதமரும் விருந்தினராகப் போயிருந்ததால் இங்கே அதற்குக் கூடுதல் கவனம் கிடைத்தது. தலைவர்கள் நடந்துகொண்டே பேசியது ஒலிவாங்கியில் சிக்கியது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை, மனிதன் 150 வயது வரை வாழலாம் என்றெல்லாம் பேச்சு ஓடியது. ராய்ட்டர்ஸ் அதை நான்கு நிமிடக் காணொளியாக வெட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊடகங்களுக்கு அனுப்பியது. இரண்டு நாள் கழித்து அதே ராய்ட்டர்ஸ் அந்தக் காணொளியைத் திரும்பப் பெற்றது. காட்சியின் உரிமை சீன அரசுத் தொலைக்காட்சியான சிசிடிவியிடம் இருந்தது. அது தன் அனுமதியை விலக்கிக்கொண்டு வழக்கறிஞர் மடல் அனுப்பிவிட்டது.

ஊரெல்லாம் 150 வயதைப் பற்றிப் பேசியது. செய்தி மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதைவிட முக்கியமான சேதி ஒன்று இதில் இருக்கிறது. உலகம் பார்த்த அந்தக் காணொளியை எடுத்தது அணிவகுப்பை நடத்தியவரின் கேமரா. எந்தக் கோணம், எத்தனை விநாடி, எங்கே வெட்டுவது, பிறகு எதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வது என்பது எல்லாம் அவர் கையில். உங்கள் பக்கத்தில் அது செய்திப் படமாக வருகிறது. வாசகர் அதைச் செய்தியாளர் ஒருவர் அங்கே நின்று எடுத்த படம் என்றுதான் நம்புகிறார்.

இந்த மடலில் நாங்கள் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. படக்குறிப்பு, படத்தை வெட்டும் விதம், தலைப்பில் போடும் வினைச்சொல் ஆகிய மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன. பெய்ஜிங்கோ பியோங்யாங்கோ அவற்றைத் தீர்மானிக்க முடியாது. அந்த மூன்றிலும் இப்போது என்ன நடக்கிறது, எதை மாற்றலாம் என்பதைத்தான் எழுதுகிறோம்.

முதலில் படக்குறிப்பு. வட கொரியாவிலிருந்து வரும் அணிவகுப்புப் படங்களில் பெரும்பாலானவை கேசிஎன்ஏ என்ற அரசுச் செய்தி நிறுவனம் எடுத்தவை. ஏபி போன்ற நிறுவனங்கள் அவற்றை மறுவிநியோகம் செய்யும்போது படத்தோடு ஒரு நீண்ட குறிப்பையும் அனுப்புகின்றன. இது வட கொரிய அரசு கொடுத்த படம், வெளிச் செய்தியாளர்கள் நிகழ்ச்சிக்கு அனுமதிக்கப்படவில்லை, படத்தில் உள்ளதைத் தனியாகச் சரிபார்க்க முடியாது என்று அதில் தெளிவாக இருக்கும். இவற்றில் அரசு கொடுத்த படம் என்பது குறிப்பின் தொடக்கத்தில் வரும், மற்ற இரண்டும் கடைசியில்தான் வருகின்றன. தேதி, இடம், தலைவர் பெயர் நடுவில் வரும். இரவு மேசையில் நேரம் குறைவு. மொழிபெயர்ப்பவர் தேதி, இடம், பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். அவர் முழுவதையும் மொழிபெயர்த்தாலும், விளம்பரம் ஏறி இடம் சுருங்கும்போது வடிவமைப்பாளர் கீழிருந்துதான் வெட்டுவார். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. விளைவு மட்டும் ஒன்றுதான்: அரசு கொடுத்த படம், சரிபார்க்க முடியாதது என்ற தகவல் அச்சுக்குப் போகும் வழியில் உதிர்ந்துவிடுகிறது.

அது உதிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2011 டிசம்பர் 28 ஒரு நல்ல சாட்சி. வட கொரியத் தலைவர் கிம் ஜோங் இல்லின் இறுதி ஊர்வலம். பனி பெய்துகொண்டிருக்கிறது, கறுப்பு வண்டிகள் போகின்றன, இருபுறமும் மக்கள் வரிசை நேர்க்கோடாக நிற்கிறது. கேசிஎன்ஏ வெளியிட்ட அந்தப் படத்தை, ஜப்பானின் கியோடோ நிறுவனத்தின் வழியாக வந்த, சில விநாடி இடைவெளியில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டார்கள். கூட்டத்துக்கு இடப்பக்கம் கேமரா முக்காலியோடு நின்ற ஒரு சிறு குழுவைக் கேசிஎன்ஏ படத்தில் காணோம். அவர்கள் நின்ற இடத்தில் வெறும் பனி. செய்தி நிறுவனங்கள் அந்தப் படத்தைத் திரும்பப் பெற்றன. யோசித்துப் பாருங்கள், அழிக்கப்பட்டவர்கள் கலகக்காரர்களோ எதிர்ப்பாளர்களோ இல்லை. நேர்க்கோட்டுக்கு இடைஞ்சலாக நின்ற ஒரு சில ஆட்கள், அவ்வளவுதான். அந்த அளவு சின்ன ஒழுங்கின்மையைக்கூடப் பொறுக்காத ஓர் ஆட்சியின் படத்தை, ‘சோகத்தில் மூழ்கிய மக்கள்’ என்ற ஒரே வரியோடு நாம் வாசகருக்குக் கொடுப்பது நியாயமா?

அடுத்தது வெட்டும் விதம். இதற்குப் பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது, சர்வாதிகார நாட்டில் நடந்ததும் இல்லை. 1951 ஏப்ரல் 26, சிகாகோ. அதிபர் ட்ரூமன் பதவிநீக்கம் செய்த ஜெனரல் மெக்கார்தருக்கு ஊர் கூடி வரவேற்பு. கர்ட் லாங், கிளாடிஸ் லாங் என்ற சமூகவியல் தம்பதி 31 பேரை ஊர்வலப் பாதையில் பல இடங்களில் நிறுத்திக் குறிப்பெடுக்கச் சொன்னார்கள். அதே நிகழ்ச்சியைத் தொலைக்காட்சி எப்படிக் காட்டியது என்பதையும் பதிவு செய்தார்கள். தெருவில் நின்றவர்களுக்கு நீண்ட காத்திருப்பு, பிறகு சில விநாடிகள் கடந்து போகும் ஒரு வண்டி, கொஞ்சம் ஏமாற்றம். தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கோ இடைவிடாத ஆரவாரம், அலைமோதும் கூட்டம். கேமரா மெக்கார்தரோடு சேர்ந்தே நகர்ந்தது. அவர் போகும் இடத்தில்தான் கை அசையும், கேமரா திரும்பும் பக்கத்தில்தான் கூச்சல் எழும். அதனால் ஒவ்வொரு தெருவிலும் சிறிது நேரமே நீடித்த உற்சாகம் திரையில் மணிக்கணக்கில் நீண்ட உற்சாகமாகிவிட்டது. பொய்ப் படம் ஒன்றுகூட இல்லை. இருந்தும் இரண்டு வேறு நிகழ்ச்சிகள்.

பாக்தாத்தின் ஃபிர்தௌஸ் சதுக்கத்தில் 2003 ஏப்ரல் 9 அன்று சதாம் சிலை விழுந்ததும் இதே வகை. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தங்கியிருந்த பாலஸ்தீன் ஹோட்டலுக்கு எதிரிலேயே அந்தச் சதுக்கம். சிலையை இழுத்துச் சாய்த்தது அமெரிக்க மரைன் படையின் எம்88 மீட்பு வாகனம். நெருக்கமாக எடுத்த படங்களில் மக்கள் வெள்ளம். மேலிருந்து அகலமாக எடுத்த படங்களில் சிலையைச் சுற்றி ஒரு வட்டம், மற்ற இடமெல்லாம் காலி. அமெரிக்க நேரப்படி அன்று காலை 11 முதல் இரவு 8 வரை ஃபாக்ஸ் தொலைக்காட்சி அந்தக் காட்சியைச் சராசரியாக 4.4 நிமிடத்துக்கு ஒருமுறையும் சிஎன்என் 7.5 நிமிடத்துக்கு ஒருமுறையும் போட்டன என்று பிறகு ஓர் ஆய்வு கணக்கிட்டது. சதாம் கொடுங்கோலர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் ஒரு சர்வாதிகாரி ஏறுவதைக் காட்டும் அதே நெருக்கக் கோணம், அவர் விழுவதையும் மிகைப்படுத்தும். ‘போர் முடிந்தது’ என்று அன்று நம்பியவர்கள் அந்த வட்டத்தைப் பார்த்து நம்பினார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகள் எப்படி இருந்தன என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

இதைத் தடுக்க ஒரு எளிய கணக்கு உண்டு, இரவு மேசையிலும் இரண்டு நிமிடத்தில் போடலாம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் 1960களில் வகுத்தது. தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஓர் ஆளுக்குச் சுமார் 10 சதுர அடி, நெருக்கமாக நின்றால் 4.5 சதுர அடி. முழு அளவுக் கால்பந்துத் திடல் ஒன்று சுமார் 7,100 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 76,000 சதுர அடி. தளர்வாக நின்றால் 7,600 பேர், நெருங்கி நின்றால் 17,000 பேர். பியோங்யாங்கின் கிம் இல் சுங் சதுக்கம் சுமார் 75,000 சதுர மீட்டர். தளர்வாக 80,000 பேர், முழுக்க அடைத்தால் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. டாங்கிகள் போக நடுவழியை ஒதுக்கினால் இன்னும் குறையும். எனவே ‘பல லட்சம் மக்கள் திரண்டனர்’ என்ற வரி அந்தச் சதுக்கத்தைப் பற்றி வந்தால் உடனே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். நம் ஊர்ப் பாடாங்கில் நடக்கும் அரசியல் கூட்டத்துக்கும் இதே கணக்கு செல்லும். ஏற்பாட்டாளர் சொன்ன எண்ணை அப்படியே தலைப்பில் ஏற்றுவதற்கு முன் திடலின் நீள அகலத்தை வரைபடத்தில் அளந்துவிடலாம்.

அணிவகுப்பில் உருண்டு போகும் ஆயுதங்களுக்கு வருவோம். 1955 ஜூலையில் மாஸ்கோவுக்கு அருகே துஷினோ விமானக் காட்சியில் சோவியத்தின் எம்-4 குண்டுவீச்சு விமானங்கள் 10 பறந்து போயின. கண்ணுக்கு மறைந்ததும் சுற்றி வந்து, மேலும் 8 விமானங்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி பறந்தன. கீழே நின்று எண்ணியவர்களுக்கு 28. அமெரிக்காவில் பீதி, நாளேடுகளில் ‘குண்டுவீச்சு விமான இடைவெளி’ என்ற பேச்சு, தன் பங்குக்கு விமான உற்பத்தியைக் கூட்டும் முடிவு. 1956 முதல் யூ-2 உளவு விமானங்கள் மேலே போய்ப் படம் எடுத்த பிறகுதான் அந்த எண்ணிக்கை பொய் என்று தெரிந்தது. 2012 ஏப்ரல் 15 அன்று பியோங்யாங்கில் ஆறு பெரிய ஏவுகணைகள் வந்தன. ஜெர்மானிய வல்லுநர்கள் மார்க்கஸ் ஷில்லரும் ராபர்ட் ஷ்முக்கரும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, ஆறும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, இவை மாதிரிகள் என்றார்கள். அந்தப் படத்தில் உண்மையான பொருள் ஒன்று இருந்தது, அது ஏவுகணைக்கு அடியில். 16 சக்கர வண்டி. சீனாவில் செய்தது. மரம் ஏற்றும் வண்டி என்ற பெயரில் ஏற்றுமதியானது என்று ஐநா வல்லுநர் குழு பிறகு பதிவு செய்தது. தடையை மீறி வண்டி எப்படிப் போனது என்பதே அந்த அணிவகுப்பின் உண்மைச் செய்தி. ‘உலகை மிரட்டும் ராட்சத ஏவுகணை’ என்று தலைப்பிட்ட நாளேடுகளின் வாசகருக்கு அது கிடைக்கவில்லை.

இனி இதன் மறுபக்கம். இதைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகக் கவலை.

மிரட்சி ஒரு சட்டகம் என்றால் கேலி இன்னொரு சட்டகம். வட கொரியா என்றாலே வேடிக்கைச் செய்தி என்று நம் பக்கங்களில் பழகிவிட்டது. முடிவெட்டு, குண்டு உடம்பு, ரயில் வண்டி, மகளின் உடை. 2022 நவம்பரில் ஏவுகணைச் சோதனைத் தளத்தில் கிம் தன் மகளை முதன்முதலாக உலகுக்குக் காட்டினார். வெள்ளைக் குளிர்கோட்டு போட்ட சிறுமி, பின்னால் ஹ்வாசோங்-17. கோட்டைப் பற்றி எழுதியவர்கள் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் அந்த ஏவுகணையைப் பின்னணியாக்கிவிட்டார்கள். அப்படி நடக்க வேண்டும் என்றுதான் அந்தப் படமே எடுக்கப்பட்டது.

கேலி எப்படிப் பொய்யை ஏற்றி வரும் என்பதற்கு 2013 டிசம்பரை எடுத்துக்கொள்ளலாம். கிம்மின் மாமா ஜாங் சோங் தேக் கொல்லப்பட்டார். அவரை 120 பட்டினி நாய்களுக்கு இரையாக்கினார்கள் என்ற கதை சீனாவின் வெய்போ தளத்தில் நையாண்டிக்காக ஒருவர் எழுதியது. ஹாங்காங் நாளேடு வென் வெய் போ அதை எடுத்தது. டிசம்பர் 24 அன்று சிங்கப்பூரின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் எழுதியது. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. நம் வட்டாரத்தின் பெயர் பெற்ற நாளேடு சொல்லிவிட்டது என்பதே பலருக்குப் போதுமான சான்றாக இருந்தது. நடந்தது என்ன? சிறப்பு ராணுவத் தீர்ப்பாயம், மேல்முறையீடு இல்லை, தீர்ப்பு வந்த அன்றே மரணதண்டனை. சட்டத்தின் பெயரால் ஓர் ஆளை ஒரே நாளில் இல்லாமல் ஆக்கும் அந்த ஏற்பாடுதான் கோடிக்கணக்கான மக்களின் தலைக்கு மேல் தினமும் தொங்குகிறது. நாய்க் கதை அதை மறைத்தது. பாடகி ஹ்யோன் சோங் வோல் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று 2013 ஆகஸ்டில் தென் கொரிய நாளேடு எழுதியது. 2014 மே மாதம் அவர் தொலைக்காட்சியில் தோன்றினார், 2018 ஜனவரியில் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கித் தெற்குக்கே வந்தார். 2020 ஏப்ரலில் கிம்மே இறந்துவிட்டார் என்ற வதந்தி. மே 1 அன்று சுன்சோன் உரத் தொழிற்சாலையில் அவர் நாடா வெட்டினார். ஒவ்வொரு முறையும் இறந்தவர் எழுந்து வரும்போது, அங்கே நடப்பதாகச் சொல்லப்படும் எதையும் நம்ப வேண்டாம் என்ற எண்ணம் வாசகருக்கு வந்துவிடுகிறது. சிறை முகாம்களைப் பற்றிய உண்மைச் செய்தியும் அந்த அவநம்பிக்கையில் அடிபட்டுப் போகிறது. கேலியால் லாபம் அடைவது ஆட்சியாளர்தான்.

மலேசியர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 2017 பிப்ரவரி 13 காலை, கோலாலம்பூர் விமான நிலையத்தின் கேஎல்ஐஏ2 முனையம். புறப்பாட்டுக் கூடத்தில் கிம் ஜோங் உன்னின் மாற்றாந்தாய் அண்ணன் கிம் ஜோங் நாமின் முகத்தில் விஎக்ஸ் நரம்பு நச்சு பூசப்பட்டது. குடும்பங்கள் பெட்டி தள்ளிக்கொண்டு போகும் இடம் அது. கேலிச் சித்திரமாக இருந்த ஆட்சி பேரழிவு ஆயுதத்தை நம் விமான நிலையத்துக்குள் கொண்டுவந்து பயன்படுத்தியது. அப்போதும் ஊடகக் கவனம் எங்கே போனது? வியட்நாமியப் பெண்ணின் சட்டையில் இருந்த, சிரிப்பைக் குறிக்கும் எல்ஓஎல் என்ற மூன்று எழுத்துகளுக்கு. ‘அழகிய கொலைகாரிகள்’ என்ற திரைக்கதைக்கு. குறும்பு நிகழ்ச்சிப் படப்பிடிப்பு என்று நம்பியதாகச் சொன்ன அந்த இரண்டு பெண்களும் ஈராண்டு சிறையில் இருந்தார்கள். 2019 மார்ச் 11 அன்று சித்தி ஆயிஷா விடுவிக்கப்பட்டார். கொலைக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டு, காயம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்ட டோவான் தி ஹுவோங் அதே ஆண்டு மே 3 அன்று வெளியே வந்தார். சந்தேகத்துக்குரிய வட கொரியர்கள் நால்வர் சம்பவ நாளிலேயே நாட்டைவிட்டுப் பறந்துவிட்டனர். பியோங்யாங்கில் இருந்த மலேசியர்கள் வெளியேறத் தடை போடப்பட்டு, கடைசி 9 பேர் மார்ச் இறுதியில்தான் வீடு வந்தார்கள். இவ்வளவும் நடந்த ஊரில், மறுபடியும் முடிவெட்டுச் செய்திக்குத் திரும்பிவிட்டோம்.

நம் சொந்த வரலாற்றிலும் ஒரு படம் இருக்கிறது. அதைத் தொடும்போது மரியாதையோடு தொட வேண்டும். 1943 ஜூலை 5, சிங்கப்பூர் பாடாங். சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் முன் நின்று ‘டெல்லி சலோ’ என்றார். மறுநாள் ஜூலை 6, அதே இடத்தில் ஜப்பானியப் பிரதமர் தோஜோ அணிவகுப்பைப் பார்வையிட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அந்த வரிசையில் நின்றார்கள். அவர்களின் உணர்வு உண்மையானது, யாரும் அதை அரங்கேற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் படத்தின் விளிம்புக்கு வெளியே, அதே மாதத்தில், அதே தோட்டங்களிலிருந்து அள்ளிச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதையில் வாந்திபேதியிலும் பசியிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை அந்த ஆண்டு அக்டோபரில் முடிந்தது. அன்றைய மலாயா நாளேடுகள் ஜப்பானிய ராணுவத்தின் பிடியில் இருந்தன. அணிவகுப்பு அச்சேறியது. ரயில்பாதை அச்சேறவில்லை. தோஜோவின் இரண்டு முகங்களும் ஒரே குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், ஒருவன் படையில், ஒருவன் பாதையில். நாளேட்டைப் படித்தவருக்கு ஒரு முகம்தான் தெரிந்தது.

2009 ஜூன் 3 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் நடந்த வெற்றி அணிவகுப்பின் படத்தைத் தமிழ் வாசகர் ஏமாந்து பார்க்கவில்லை. வவுனியாப் பக்கத்து முகாம்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் முள்வேலிக்குள் இருந்தது அவருக்குத் தெரியும். படக்குறிப்பில் இல்லாததை அவரே நிரப்பிக்கொண்டார். பியோங்யாங் படத்தையோ மாஸ்கோ படத்தையோ பார்க்கும்போது அந்த வாசகரிடம் நிரப்ப எதுவும் இல்லை. அந்த இடத்தில் உங்கள் ஒரு வரி மட்டுமே அவருக்குத் துணை.

என்ன நிரப்பலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பியோங்யாங்கின் மே தின அரங்கில் நடக்கும் கூட்டு நிகழ்த்துகையின் படங்கள் கண்ணைப் பறிக்கும். 2007இல் 100,090 பேர் பங்கேற்றதாகக் கின்னஸ் பதிவு உண்டு. பின்னணியில் மாறிக்கொண்டே இருக்கும் அந்தப் பிரம்மாண்ட ஓவியம் மின்திரை இல்லை. ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் கையில் வண்ண அட்டைப் புத்தகத்தைப் பிடித்து ஒரே நொடியில் பக்கம் புரட்டுகிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிள்ளை. மைக்கேல் கிர்பி தலைமையிலான ஐநா விசாரணைக் குழு 2014 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில், இந்தப் பயிற்சியைப் பற்றிய சாட்சியங்கள் இருக்கின்றன. குடல்வால் அழற்சி வலியைப் பொறுத்துக்கொண்டு பயிற்சி செய்து, உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் இறந்துபோன ஏழெட்டு வயதுப் பையன் அதில் வருகிறான். தலைவர் வரும் நிகழ்ச்சிக்காக உயிர்விட்டவன் என்று அவனை வீரனாக்கினார்களாம். அந்த வண்ணப் படத்தைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. புள்ளிகள் பிள்ளைகள் என்பதையும் அதன் கீழே சொல்லுங்கள்.

உள்ளூருக்கும் ஒரு வார்த்தை. கோயில் விழாவில் மாலை போட்ட அரசியல்வாதி, அட்டையில் செய்த பெரிய மாதிரிக் காசோலையை இருவர் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம், இவை நம் பக்கங்களில் வாரம் தவறாமல் வருகின்றன. இதைச் சர்வாதிகாரத்தோடு சேர்க்கவில்லை. ஆனால் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதை நிகழ்ச்சியை நடத்துபவரே முடிவு செய்கிறார் என்பது இரண்டிலும் ஒன்று. காசோலைப் படத்தோடு ‘தொகை கணக்கில் சேர்ந்ததா’ என்று ஆறு மாதம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு போட்டுக் கேட்டு எழுதும் பழக்கம் வந்தால், வெளிநாட்டு அணிவகுப்பையும் அதே கண்ணோடு பார்க்கும் பயிற்சி தானாக வரும்.

இனி மேசையில் செய்யக்கூடியவை. படம் யார் கொடுத்தது என்பதைக் குறிப்பின் முதல் சொற்களாக வையுங்கள், வெட்டு கீழிருந்து வந்தாலும் அது தப்பிக்கும். ஒரே படத்துக்கு நெருக்கக் காட்சி, அகலக் காட்சி இரண்டும் நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தால் அகலமானதை எடுங்கள். ஒன்றுதான் இடம் என்றால் தலைவர் முகத்தை மட்டும் வெட்டி எடுக்காமல், மேடைக்கும் மக்களுக்கும் நடுவே இருக்கும் தூரம் தெரியும்படி விடுங்கள். அந்தத் தூரமே ஒரு தகவல். தலைப்பில் ‘திரண்டனர்’, ‘ஆர்ப்பரித்தனர்’, ‘கண்ணீர் வடித்தனர்’ என்று எழுதினால் அவர்கள் தாமாக வந்தார்கள் என்று சொல்லிவிட்டீர்கள். உறுதியாகத் தெரியாதபோது ‘நிறுத்தப்பட்டிருந்தனர்’, ‘அரசுத் தொலைக்காட்சி காட்டியது’ என்று எழுதலாம். வானொலிக்கு இது இன்னும் முக்கியம். கேட்பவர் திரும்பிப் படிக்க முடியாது. எனவே ‘அரசுத் தொலைக்காட்சிக் காட்சிகளின்படி’ என்பது முதல் வாக்கியத்தில் வர வேண்டும், செய்தி முடியும் இடத்தில் வந்தால் பயனில்லை.

நேரலையை ஒட்டிச் செய்தி எழுதும்போது, ஒளிபரப்பு அறுந்தால் அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். 1989 டிசம்பர் 21, புக்காரெஸ்ட். ருமேனியச் சர்வாதிகாரி சௌசெஸ்கு மாடத்திலிருந்து பேசுகிறார். 1971இல் பியோங்யாங் போய்ப் பார்த்து வியந்து தன் நாட்டுக்குக் கொண்டுவந்த அதே பாணிக் கூட்டம். கீழிருந்து கூச்சல் எழுகிறது, அவர் முகம் மாறுகிறது, படம் குலுங்குகிறது, கேமரா வானத்துக்குத் திரும்புகிறது, பிறகு ஒளிபரப்பு நிற்கிறது. நான்கே நாளில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று வானத்தைக் காட்டிய அந்தச் சில விநாடிகள், அவருடைய இருபதாண்டு ஊர்வலங்கள் எல்லாவற்றையும்விட அதிகம் சொன்னவை. எத்தனை மணிக்கு அறுந்தது, எவ்வளவு நேரம், திரும்பி வந்தபோது என்ன காட்டினார்கள் என்று நேரத்தோடு குறித்து வையுங்கள்.

கைப்பேசிக் காணொளிகளுக்கு ஒரு வேண்டுகோள். எட்டு வைக்கும் படைக்கும் கறுப்புக் கண்ணாடித் தலைவருக்கும் திரைப்படக் கதாநாயகன் நுழையும் பின்னணி இசையைச் சேர்த்து, ‘கெத்து’ என்று எழுதி வெளியிடும் வழக்கம் செய்தி நிறுவனங்களின் பக்கங்களுக்கும் வந்துவிட்டது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புதினும் கிம்மும் முதலில் அறிமுகமாவது அந்த இசையோடுதான். உங்கள் சின்னம் பொறித்த எந்தக் காணொளியிலும் சேர்த்த இசை வேண்டாம். இடத்தின் ஒலி இருந்தால் அது போதும், இல்லையென்றால் வாசிப்புக் குரல் போதும்.

ஒவ்வொரு ஆண்டும் மே 9 மாஸ்கோ, செப்டம்பர் 9, அக்டோபர் 10 பியோங்யாங். இந்தத் தேதிகள் முன்கூட்டியே தெரிந்தவை. அதனால் நள்ளிரவில் யோசிக்க வேண்டியதில்லை. கீழே உள்ள வரியை உங்கள் பக்க வடிவமைப்புக் கோப்பில் இப்போதே சேமித்து வைக்கலாம், நாட்டின் பெயரை மாற்றி, அந்த நிகழ்ச்சிக்குப் பொருந்தாத வாக்கியத்தை எடுத்துவிட்டால் போதும்:

‘வட கொரிய அரசு வெளியிட்ட படம். வெளிச் செய்தியாளர்கள் அனுமதிக்கப்படவில்லை. காட்சியைத் தனியாகச் சரிபார்க்க இயலவில்லை.’

இடம் மிகக் குறைவான கைப்பேசிச் செய்தி அட்டைக்கு முதல் வாக்கியத்தை மட்டும் படத்தின் மேலேயே பொறித்துவிடுங்கள். படத்தைத் தனியாக வெட்டி எடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினாலும் அந்த ஐந்து சொற்கள் கூடவே போகும்.

இப்படிக்கு,
வெளிநாட்டுச் செய்தி மொழிபெயர்ப்பிலும் படத் தேர்விலும் பணியாற்றியவர்கள் சிலர்
கோலாலம்பூர், பினாங்கு